குழந்தையின் மூட்டுவலி ஓர் அபாயச் சங்கு!

பத்து வயதுப் பையன் காலையில் எழுந்து நடக்க மறுக்கிறான். முழங்கால் வீங்கியிருக்கிறது. தொட்டால் துடிக்கிறான். "குதித்து விளையாடியிருப்பான், சுளுக்கு" என்கிறார் தகப்பன். "வாயுப் பிடிப்பு" என்கிறாள் பாட்டி. எண்ணெய் தடவிச் சுளுக்கு வழித்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை ஒன்றையும் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிறார்கள். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. இரண்டு நாளில் முழங்கால் வலி போய்விடுகிறது, கணுக்காலில் வருகிறது. அதுவும் போகிறது, முழங்கையில் வருகிறது. சில வாரங்களில் எல்லாம் அடங்கி, பையன் மறுபடியும் தெருவில் ஓடுகிறான். வீடு நிம்மதி அடைகிறது.

ஆலைத் தொழிலாளர் குடியிருப்பிலும் விவசாயத் தொழிலாளர் காலனியிலும் நாம் அனைவரும் அறிந்த காட்சி இது. இந்த நிம்மதியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம். ஏனெனில் பல வீடுகளில் இது பொய்யான நிம்மதி!

பத்து, பதினைந்து ஆண்டுகள் கழிகின்றன. அதே பையன் வாலிபனாகி ஆலையில் வேலை செய்கிறான். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் மல்லாந்து படுக்க முடியவில்லை. அல்லது, அதே வலியைக் கண்ட ஒரு சிறுமி வளர்ந்து, மணமாகி, நாற்று நடப் போகிறாள். முதல் குழந்தையைச் சுமக்கும்போது அவளுக்கு நெஞ்சு படபடக்கிறது, கால் வீங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் சொல்கிறார்: "இருதயத்தின் வால்வு கெட்டுப்போயிருக்கிறது." எப்போது கெட்டது? யாருக்கும் தெரியவில்லை. சிறுவயதில் மூட்டுவலி வந்ததா என்று டாக்டர் கேட்கும்போதுதான், மறந்துபோன அந்தச் சில வாரங்கள் நினைவுக்கு வருகின்றன.

தொண்டையில் தொடங்கி இருதயத்தில் முடிகிறது

இந்த வியாதிக்கு மூட்டுவாதக் காய்ச்சல் என்று பெயர். டாக்டர்கள் ருமாட்டிக் ஜுரம் என்பார்கள். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளையே இது அதிகம் பிடிக்கிறது. தொடக்கம் மூட்டில் அல்ல, தொண்டையில். 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தொண்டையைப் புண்ணாக்குகிறது. காய்ச்சல் வருகிறது, எச்சில் விழுங்க முடிவதில்லை. ஒரு வாரத்தில் அது தானாகவே தணிந்து விடுகிறது. கிருமியை எதிர்த்துப் போராட உடல் தயாரித்த படையோ ஓய்வதில்லை. கிருமியின் உருவமும் நம் உடலின் சில தசைகளின் அமைப்பும் ஒன்று போலிருப்பதால், சில குழந்தைகளின் உடலில் அந்தப் படை எதிரி யார், சொந்தக்காரன் யார் என்று அறியாமல் சொந்த உடலையே தாக்குகிறது. தொண்டை வலி போய் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு மூட்டு வீங்குகிறது. இடையில் குழந்தை நன்றாக இருந்ததால், அந்தத் தொண்டை வலியையும் இந்த மூட்டு வலியையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. தொண்டை வலித்ததே நினைவில்லாத வீடுகளும் பல உண்டு.

இந்த வியாதி மூட்டை நக்கி இருதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவர்களிடையே ஒரு பழைய சொல் உண்டு. நக்கப்பட்ட மூட்டு வடுவில்லாமல் ஆறிவிடும். கடிபட்ட வால்வு ஆறாது. அது தடித்து, ஒட்டிக்கொண்டு, சரியாகத் திறக்காமலும் மூடாமலும் போகும். அடுத்த முறை அதே கிருமி தொண்டைக்கு வரும்போது மீண்டும் தாக்கும். வால்வு இன்னும் கெடும்.

வேறொரு முகமும் இதற்கு உண்டு. சில பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் குழந்தைகளுக்கு, கைகால்கள் தாமாகவே வெட்டி வெட்டி இழுக்கும். பாத்திரம் கையிலிருந்து நழுவும். கையெழுத்து கோணும். முகம் சுளிக்கும். காரணமின்றி அழுகை வரும். பள்ளியில் குறும்பு என்று அடிப்பார்கள். வீட்டில் பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அடியும் வேண்டாம், வேப்பிலையும் வேண்டாம். அந்தக் குழந்தையின் இருதயத்தை ஒரு டாக்டர் உடனே பரிசோதிக்க வேண்டும்.

எல்லா மூட்டுவலியும் ஒன்றல்ல

இதைப் படித்துவிட்டுக் குழந்தையின் கால் வலித்தாலே இருதய நோய் என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டுவலிக்குக் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிவது டாக்டரின் வேலை. எப்போது ஓட வேண்டும், எப்போது பொறுக்கலாம் என்று அறிவது நம் வேலை.

சளிக்காய்ச்சல் வந்துபோன சில நாளில் சிறு குழந்தை இடுப்பு வலியோடு நொண்டுவது உண்டு. காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் லேசாக இருக்கும். பெரும்பாலும் இது ஓரிரு வார ஓய்விலேயே தீர்ந்துவிடும். ஆனாலும் ஒரு முறை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். ஏனென்றால் இதைப் போலவே தொடங்கும் கொடிய நோய் ஒன்று இருக்கிறது. அதுதான் மூட்டுக்குள் சீழ் பிடிப்பது. கடும் காய்ச்சல் இருக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு மூட்டு சிவந்து, கொதித்து, வீங்கும். குழந்தை அந்தக் காலை அசைக்கவே விடாது. கைக்குழந்தையானால் துணி மாற்றும்போது வீரிடும். இதற்கு நாளை என்ற பேச்சே கூடாது. சில நாட்கள் தாமதித்தாலும் மூட்டு அரித்துப்போய்க் கால் ஆயுளுக்கும் ஊனமாகிவிடும். அன்றே ஆஸ்பத்திரி, அன்றே சிகிச்சை!

தெருவே காய்ச்சலில் படுத்து, பெரியவர்களும் குழந்தைகளுமாக மூட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தால், அது சிக்குன்குனியாவாக இருக்கலாம். 1964-ல் சென்னையைப் படுக்கவைத்த அதே நோய், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓய்ந்திருந்துவிட்டு 2005, 2006-ல் நாடெங்கும் திரும்பி வந்தது. பகலில் கடிக்கும் கொசு இதைப் பரப்புகிறது. குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வராததால் குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோமே, அந்த நல்ல தண்ணீரில்தான் அந்தக் கொசு பெருகுகிறது. சீதபேதி, வயிற்றுப்போக்கு வந்து போன சில வாரங்களில் மூட்டு வீங்குவதும் உண்டு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே மூட்டு மெதுவாக வீங்கிக்கொண்டே போய், குழந்தை இளைத்தால், அது காசநோயா என்று பார்க்க வேண்டும். முகம் வெளுத்து, உடம்பில் காரணமில்லாத நீலத் தழும்புகள் கண்டு, இரவில் எலும்பு வலியால் எழுந்து அழும் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். ரத்தப் புற்றுநோயும் சில வேளை இப்படி மூட்டுவலி வேஷம் போட்டு வருகிறது.

மூட்டுவாதக் காய்ச்சலின் அடையாளம் வேறு. முழங்கால், கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு போன்ற பெரிய மூட்டுகளில், வலி ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவும். வீக்கம் கொஞ்சமாக இருக்கும். வலியோ போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியாததாக இருக்கும். கூடவே காய்ச்சல் இருக்கும். நம்மைப் போன்ற நாடுகளில் ஒரே மூட்டு வீங்கினாலும், வீக்கமே இல்லாமல் பல மூட்டுகள் வலித்தாலும் இந்த வியாதியைச் சந்தேகிக்க வேண்டும் என்று 2015-ல் திருத்தப்பட்ட மருத்துவ விதிகள் கூறுகின்றன.

ஓர் எச்சரிக்கை. கடையில் வாங்கும் வலி மாத்திரை பட்டவுடன் இந்த வலி ஓரிரு நாளில் மாயமாய் மறையும். மூட்டு அடங்கிவிடும், இருதயத்தில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். டாக்டரிடம் போகும்போது அடையாளமே இராது. ஆகவே முதலில் பரிசோதனை, பிறகு வலி மாத்திரை. எந்த மாத்திரை கொடுத்திருந்தாலும் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஓர் அறையில் எட்டுப் பேர்

இந்தக் கிருமி இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் எச்சில் துளியில் பரவுகிறது. எட்டுப் பேர் ஓர் அறையில், ஜன்னல் இல்லாத சுவருக்குள், தலையோடு தலை சேர்த்துப் படுத்தால் ஒரு குழந்தையின் தொண்டை வலி ஒரே வாரத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் வருகிறது. தனி அறை, காற்று, வெளிச்சம், சத்துள்ள உணவு, நினைத்த நேரத்தில் டாக்டர் என்று வாழும் வீட்டில் இந்த வியாதி அபூர்வம். இது சாபமும் அல்ல, தலையெழுத்தும் அல்ல. நெருக்கத்திலும் வறுமையிலும் விளையும் வியாதி.

நாம் வெறும் வாய்ச்சொல்லாக இதைச் சொல்லவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இந்த வியாதி குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. 1928-ல் பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் அது மக்கள் கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே அங்கே இது குறையத் தொடங்கிவிட்டது. வீடு விசாலமானதும் நெருக்கம் குறைந்ததும் இதற்கு முக்கிய காரணங்கள். இன்றும் ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்களின் குழந்தைகளையும், நியூசிலாந்தில் மாவோரி மக்களின் குழந்தைகளையும் இது விடாமல் பிடிக்கிறது. செல்வம் கொழிக்கும் நாடுகளில்கூட ஏழையின் குடிலை இது தேடிக் கண்டுபிடிக்கிறது!

உலகில் இந்த இருதய நோயுடன் வாழ்பவர்கள் சுமார் 5½ கோடிப் பேர் என்றும், ஆண்டுதோறும் சுமார் 3,60,000 பேர் சாகிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2015-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நமது நாட்டவர். இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன வேண்டும்?

மருந்து இருக்கிறது

மருந்தில்லாத நோயானால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இதற்கு மருந்து இருக்கிறது. அதுவும் மலிவான, பழைய மருந்து. தொண்டை வலியின் போதே, வலி கண்ட ஒன்பது நாட்களுக்குள் பென்சிலின் கொடுத்துவிட்டால் மூட்டுவாதக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பது 1950-களிலேயே அமெரிக்க ராணுவ முகாமில் நடந்த ஆராய்ச்சிகளில் நிரூபணமாகிவிட்டது. ஒரே ஊசி, அல்லது பத்து நாள் மாத்திரை. மூன்றாம் நாள் வலி விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் பயனில்லை. தொண்டை வலி எல்லாவற்றுக்கும் இது தேவையுமில்லை. மூக்கு ஒழுகி, இருமலோடு வரும் தொண்டை வலி பெரும்பாலும் சாதாரணச் சளி. சளியும் இருமலும் இல்லாமல், திடீரென்று காய்ச்சலோடு தொண்டை வலித்து, கழுத்தில் நெறி கட்டினால், டாக்டரிடம் போக வேண்டும்.

மூட்டுவாதக் காய்ச்சல் ஒரு முறை வந்துவிட்ட குழந்தைக்கும் கதி மோட்சம் இல்லாமல் போகவில்லை. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை நீடித்த பென்சிலின் ஊசி போட்டு வந்தால் கிருமி மீண்டும் அண்டாது. வால்வு மேலும் கெடாது. இருதயம் பாதிக்கப்படாத குழந்தைக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு, அல்லது 21 வயது வரை. வால்வு கெட்டிருந்தால் பத்து ஆண்டு, அல்லது 40 வயது வரை. இரண்டில் எது நீண்டதோ அதுவரை. அறிகுறி ஏதும் இல்லாமல், கருவியில் பார்த்தால் மட்டுமே வால்வில் மாற்றம் தெரிந்த குழந்தைகளை வைத்து உகாண்டாவில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2021-ல் வந்தது. ஊசி போடாத 400 குழந்தைகளில் இரண்டு ஆண்டில் 33 பேருக்கு நோய் முற்றியது. ஊசி போட்ட 399 பேரில் முற்றியது 3 பேருக்கு மட்டுமே.

ஒரு மாகாணமே இதைச் செய்து காட்டியிருக்கிறது. கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். புதிய எந்திரமோ புதிய மருந்தோ அல்ல. நோய் கண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் பதிவேடு, தவறாமல் ஊசி, ஊழியர்களுக்குப் பயிற்சி, பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் விளக்கம். பத்தே ஆண்டில், பள்ளிப் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 2.27 பேராக இருந்த இருதய வால்வு நோய் 0.24 ஆகக் குறைந்தது. பணக்கார நாடல்ல கியூபா. மருத்துவத்தை விற்பனைச் சரக்காக வைக்காத நாடு. அதுவே வித்தியாசம்.

பதினேழு நாள் கூலி

ஊசி மலிவு என்றோம். உண்மைதான், ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது. ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. 21 நாளுக்கு ஒரு முறை ஊசி என்றால் வருஷத்துக்குப் பதினேழு முறை. ஒன்பது வயதில் தொடங்கி 21 வயது வரை என்றால் இருநூறுக்கு மேல்! ஒவ்வொரு முறையும் தாய் வேலையை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, மாலையில் வீடு திரும்புகிறாள். வருஷத்துக்குப் பதினேழு நாள் கூலியை இழக்க எந்த விவசாயத் தொழிலாளிப் பெண்ணால் முடியும்? நடவுக் காலத்தில் ஒரு முறை தவறும். அறுவடையில் இன்னொரு முறை. பிறகு நின்றே போகும். அப்போது, "படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்பதில்லை" என்று நம்மையே குற்றம் சொல்வார்கள்!

ஊசி நின்ற குழந்தைக்குப் பின்னால் நேர்வது என்ன? வால்வை மாற்ற லட்சக்கணக்கில் செலவாகும் ஆபரேஷன். காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் நடந்துவிடலாம். உலோக வால்வு வைத்த பிறகு ஆயுள் முழுவதும் ரத்தம் உறையாதிருக்க மாத்திரை, இடைவிடாத ரத்தப் பரிசோதனை. ஆபரேஷனுக்கு லட்சம் கொடுக்கும் ஏற்பாடு, அந்த ஆபரேஷனே வராமல் தடுக்கும் ஊசியை வாசலுக்குக் கொண்டுவர மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மலிவான மருந்தில் லாபம் இல்லை. லாபம் இல்லாத மருந்தைத் தயாரிக்க முதலாளிகளுக்கு மனம் வருவதில்லை. உலகில் விரல் விட்டு எண்ணத்தக்க தொழிற்சாலைகளே இந்த ஊசியின் மூலப்பொருளைச் செய்கின்றன. அவற்றில் ஒன்று நின்றால் பல நாடுகளில் பஞ்சம். அண்மை ஆண்டுகளில் இது பல முறை நடந்தது. இதை முன்கூட்டியே உணர்ந்துதான், புனே அருகே பிம்ப்ரியில் 1954-ல் பொதுத்துறைப் பென்சிலின் தொழிற்சாலை எழுந்தது. 1961-ல் தொடங்கிய ஐ.டி.பி.எல். நிறுவனம், சோவியத் உதவியுடன் ரிஷிகேசத்தில் மருந்துத் தொழிற்சாலை கட்டியது. அந்த ஐ.டி.பி.எல்லை மூடுவதென்றும், பிம்ப்ரித் தொழிற்சாலையை விற்பதென்றும் 2016 டிசம்பரில் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. ஏழைக் குழந்தையின் இருதயம் எந்த லாப நஷ்டக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று நாம் கேட்கிறோம்.

நாம் கோருவது

நாம் கோருவது அதிகமில்லை. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நீடித்த பென்சிலின் ஊசி எந்நாளும் இருப்பில் இருக்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. அதைச் சமாளிக்கும் மருந்தும் பயிற்சியும் அங்கேயே இருந்தால், பயந்துகொண்டு ஊசி போட மறுக்கும் நிலை வராது. வால்வு மிகவும் கெட்டுவிட்டவர்களுக்கு ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். நோய் கண்ட ஒவ்வொரு குழந்தையின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஊசி நாள் தவறினால் சுகாதார ஊழியர் வீடு தேடி வர வேண்டும். மாலை நேரத்திலும் விடுமுறை நாளிலும் ஊசி கிடைக்க வேண்டும். 2013-ல் தொடங்கிய பள்ளிக் குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் இந்த இருதய நோயும் இருக்கிறது. பட்டியலில் இருந்தால் போதாது. குழந்தையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க வேண்டும். சந்தேகப்பட்டால் எக்கோ பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியாவது இருக்கிறது, விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. ஊசி நாளில் தாய் இழக்கும் கூலிக்கு ஈடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர் வாழத்தக்க வீடு வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கை கட்டி இருக்கலாகாது. சங்கக் கூட்டத்தில் கூலி பேசும் போது இதையும் பேசுங்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து, நமது சுகாதார நிலையத்தில் பென்சிலின் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி போடும் குழந்தை தெருவில் இருந்தால், தாயால் போக முடியாத நாளில் பக்கத்து வீட்டார் கூட்டிப் போங்கள். அடுத்த ஊசி நாளை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

ஆலைச் சங்கு ஊதினால் பாதி உறக்கத்திலும் எழுந்து ஓடப் பழகியவர்கள் நாம். நம் பிள்ளையின் வீங்கிய முழங்காலும் ஒரு சங்குதான். அது ஊதுவது சில வாரங்களுக்கு மட்டும். அதன் பிறகு ஓய்ந்துவிடும். ஓய்வதற்குள் எழுந்துவிட வேண்டும்.